வெள்ளைக் காகிதத்துக்குள் வெந்நீர் ஊற்று நொதி

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் கல்யாண அட்டை அச்சடிக்கும் அண்ணன் ஒருவர், காகித வியாபாரி கொடுத்த விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 'பாக்டீரியா நொதியால் வெளுக்கப்பட்டது, குளோரின் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "தம்பி, இதுல கிருமி இருக்காதா? கையில தொடலாமா? இதுக்குப் போய் ரீமுக்கு நாலு ரிங்கிட் கூடக் கேக்குறானே, நியாயமா?" என்று கேட்டார். காகித ஆலைகளுக்குச் சோதனைக்கூட வேலை பார்ப்பவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்தான் இவை.

கிருமிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஆலைக்குள் வருவது பாக்டீரியா அல்ல, அதிலிருந்து எடுத்து வடிகட்டிய புரதம். பல நேரம் அந்தப் பாக்டீரியாவை வளர்ப்பதுகூட இல்லை. அதன் மரபணுவை மட்டும் எடுத்து, தொட்டியில் சுலபமாக வளரும் வேறொரு நுண்ணுயிருக்குள் வைத்து நொதியைத் தயாரிக்கிறார்கள். நொதி கலந்த காகிதக் கூழ் அதற்கப்புறம் வெளுப்பு ரசாயனங்களையும் காகித இயந்திரத்தின் கொதிக்கும் உருளைகளையும் தாண்டித்தான் ரீமாகிறது. தாராளமாகத் தொடலாம்.

'வெளுக்கப்பட்டது' என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. மரச்சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் 160 முதல் 170 டிகிரியில் வேகவைத்தால், நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் தங்கும் மிச்சம்தான் கூழுக்குப் பழுப்பு நிறம் தருகிறது. சிமெண்ட் பை அந்த நிறத்திலேயே வருவது கூழை வெளுக்காமல் விடுவதால்தான். அந்த மிச்சத்தை நீக்க ஒரு காலத்தில் குளோரின் வாயுவையே செலுத்தினார்கள். குளோரினும் லிக்னினும் சேர்ந்து உண்டாகும் கழிவுகளில் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் இருப்பது 1980களில் தெரியவந்தது. டையாக்சின்களிலேயே மோசமான வகையை 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆலைகள் குளோரின் டைஆக்சைடுக்கு மாறின. ஆபத்து வெகுவாகக் குறைந்தது, ஆனால் குளோரின் சேர்மங்கள் கழிவுநீரை விட்டு முழுதாகப் போய்விடவில்லை.

வியாபாரியின் 'குளோரின் இல்லாதது' நழுவுவதும் இந்த இடத்தில்தான். இ.சி.எஃப். என்று போட்டிருந்தால் குளோரின் வாயு பயன்படவில்லை, குளோரின் டைஆக்சைடு பயன்பட்டிருக்கும். டி.சி.எஃப். என்றால்தான் குளோரின் சேர்மம் எதுவுமே இல்லாமல் ஆக்சிஜன், ஓசோன், பெராக்சைடு கொண்டு வெளுத்தது. நொதி இரண்டிலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் இருக்கலாம்.

சரி, நொதி என்னதான் செய்கிறது? மரம் வேகும்போது கரையும் சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலி, வேகல் முடியும் கட்டத்தில் காரம் குறையக் குறைய மறுபடி நாரின் மேலேயே படிந்துவிடுகிறது. லிக்னின் அதற்கடியில் மாட்டிக்கொள்கிறது. சைலனேஸ் நொதி அந்தப் படிவை அங்கங்கே வெட்டிவிடுகிறது. பின்னால் வரும் ரசாயனம் சுலபமாக உள்ளே போகிறது, லிக்னின் சுலபமாக வெளியே வருகிறது. வெளுக்கும் வேலை ரசாயனத்துடையதுதான். ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1986இல் இதை முதன்முதலில் காட்டினார்கள். நன்றாக அமைந்தால் குளோரின் டைஆக்சைடில் பொதுவாகப் பத்திலிருந்து இருபது சதவீதம் மிச்சமாகும். ஆலைக்கு அது கணிசமான காசு. அதனால்தான் ரீமுக்கு நாலு ரிங்கிட் கூடுதலாகக் கேட்பது எனக்கு உறுத்துகிறது. நொதி செலவைக் குறைக்க வந்த சரக்கு!

ஆரம்பகால நொதிகள் பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து எடுத்தவை. 50 டிகிரி சூடு, லேசான அமிலம், இவைதான் அவற்றுக்குத் தோது. ஆலையில் கழுவிவரும் கூழோ 60, 70 டிகிரிக்கு மேல், காரத்தோடு வருகிறது. நொதிக்காகக் கூழைக் குளிரவைக்க வேண்டும், கந்தக அமிலம் ஊற்ற வேண்டும், வேலை முடிந்ததும் திரும்பச் சூடாக்க வேண்டும். அமிலம் இரும்புக் குழாயை அரிக்கும், நீராவிச் செலவு ஏறும். சோதனைக்கூடத்தில் கைதட்டு வாங்கியது ஆலைக்குள் நொண்டியது.

சூடு தாங்கும் பாக்டீரியாக்கள் தேவைப்பட்டது இதற்காகத்தான். இத்தாலியின் வுல்கானோ தீவில் கண்டெடுத்த தெர்மோடோகா மாரிடிமா என்ற பாக்டீரியா 80 டிகிரியில் சுகமாக வளரும். அதன் சைலனேஸும் அந்தச் சூட்டில் உருக்குலையாது. புரத மடிப்புகள் நெருக்கமாக அடைந்திருப்பதும், எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். சோதனையும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த இதே மாதிரி ஒரு பாக்டீரியாவின் நொதியை வைத்து உருவான முறைதான். அவ்வளவு தூரம் போவானேன், பேராக் சுங்கை கிளா ஊற்றிலும், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உலு லங்காட் டூசுன் துவா ஊற்றிலும் மலேசிய ஆய்வாளர்கள் வெப்பம் விரும்பும் அனாக்ஸிபேசில்லஸ் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நாம் கால் நனைத்துவிட்டு வரும் இடங்கள்!

நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை பழைய காகிதத்தைக் கரைத்து மறுசுழற்சி செய்பவை. ஆனால் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் செம்பனை வெற்றுக்குலையிலிருந்து கூழ் எடுக்கும் ஆராய்ச்சி பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வெகுகாலமாக நடக்கிறது. அந்த நாரிலும் சைலான் ஏராளம். மாணவர்களும் சிறிய ஆலைக்காரர்களும் நொதி வாங்கிப் பரிசோதிக்க வருவது இதனால்தான்.

அவர்களுக்கு நான் சொல்லும் முறை எளியது. பழுப்புக் கூழை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சமமாகப் போடுங்கள். இரண்டிலும் சூடும் காரமும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் மட்டும் நொதி. நன்றாகப் பிசைந்து 70 டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்துப் பிழியுங்கள். நொதி போட்ட பையின் சாறு தே-ஓ (பால் விடாத தேநீர்) நிறத்தில் இறங்கும், மற்றது அதைவிட வெளிறியிருக்கும். அந்த இரண்டாவது பை இல்லாமல் செய்துகாட்டும் விற்பனையாளரை நம்பாதீர்கள். வெந்நீர் மட்டுமே கொஞ்சம் நிறத்தை இறக்கிவிடும்.

அப்புறம், காப்பா எண்ணைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் குறையலையே" என்று ஆலை மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். கூழ் எவ்வளவு பெர்மாங்கனேட்டைக் குடிக்கிறது என்று பார்த்து, மிச்ச லிக்னினை மதிப்பிடும் எண் அது. நொதி போட்ட கையோடு அது பெரிதாக இறங்காது. அடுத்த கட்டத்தில் எவ்வளவு குறைவான ரசாயனத்தில் அதே வெண்மை வருகிறது என்பதுதான் கணக்கு. கூடவே கூழின் பாகுத்தன்மையையும் பாருங்கள். நொதியில் செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் கலந்திருந்தால் நாரையே கடித்துவிடும், காகிதம் கிழியும். கரைந்த சர்க்கரை கழிவுநீரின் சி.ஓ.டி. அளவை (அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் கணக்கு) ஏற்றிவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது. ரசாயனம் மிச்சமாவதைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அச்சக அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ரூபாய் நோட்டு சோதிக்கும் புறஊதா விளக்கை அந்தப் பளீர் வெள்ளைத் தாளின்மேல் பிடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால், கண்ணைப் பறிக்கும் வெண்மையில் ஒரு பங்கு மேலே சேர்த்த ஒளிரூட்டிச் சாயத்தின் வேலை. அட்டைக்கு லேசான தந்த நிறம் போதும் என்று வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை ஆலை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

ஆலையில் வேலை செய்யும் தம்பிமார்களுக்கு இன்னொன்று. 'இயற்கைச் சரக்கு' என்று நொதியை அலட்சியமாகக் கையாள்வதைப் பார்க்கிறேன். சிந்திய நொதி காய்ந்து தூளாகி மூச்சில் போனால், சிலருக்கு ஒவ்வாமை ஊன்றிவிடும். பிறகு துளி தூசிக்கே மூச்சிரைக்கும், வேலையையே விட வேண்டி வரலாம். முடிந்தவரை தூளாக வாங்காமல் திரவமாக வாங்கச் சொல்லுங்கள். சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பிரஷர் பம்பால் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுத்து, மெதுவான தண்ணீரில் அலசிவிடுங்கள். டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தாளில் எச்334 என்ற குறி (மூச்சுவழி ஒவ்வாமை எச்சரிக்கை) இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், சி.எச்.ஆர்.ஏ. என்ற ரசாயன உடல்நல ஆபத்து மதிப்பீட்டில் இந்த நொதியும் சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள்.