கோணம் முதுகில் இருக்கிறது

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கைதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வாய் உருண்டு மழுங்கிவிடும். மடக்குச் சவரக்கத்தியில் அந்தத் தொல்லை இல்லை. கல்லின்மேல் படுக்கவைத்தால் தடித்த முதுகும் மெல்லிய வாயும் சேர்ந்தே கல்லைத் தொடும். இரண்டும் கல்லைவிட்டு எழாமல் நகர்த்தினால் போதும், கோணத்தை முதுகு பார்த்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாயிலிருந்து முதுகு வரை அகலம் 16 மி.மீ., முதுகின் தடிமன் 4.5 மி.மீ. என்றால், இரு பக்கச் சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 16 பாகை வரும். சவரத்துக்கு இது நல்ல கோணம். தீட்டத் தீட்ட வாயோடு முதுகும் தேய்வதால், கோணம் பெரிதாக மாறுவதில்லை. யோசித்தவர் கெட்டிக்காரர்.

தீட்டப் பழகுவதற்காகப் பழைய கத்தி வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘பழகத்தானே, கழித்துப்போட்டது போதும்’ என்று நானும் ஒன்று வாங்கினேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது; அகலமாக, ஆப்பு மாதிரி கனமாக, பார்க்க ராஜ கம்பீரம். மூன்று வாரம் தேய்த்தேன். ஒரு முடிகூட வெட்டவில்லை. பிழை என் கையிலா, கத்தியிலா என்பது கடைசிவரை பிடிபடவே இல்லை.

ஆகவே பழைய கத்தி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முதுகை. முன்னால் வைத்திருந்தவர் அழுத்தித் தேய்த்திருந்தால், அதில் அகலமான தட்டைப் பட்டை விழுந்திருக்கும். 4.5 மி.மீ. இருந்த முதுகு 3 மி.மீ. ஆகிவிட்டால் கோணம் 11 பாகைக்கு இறங்கும். அவ்வளவு மெலிந்த வாய் உதிரும். முடியா எஃகை உதிர்க்கும்? எஃகு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினம்தான். ஆனாலும் சரியான சாய்வில் மோதினால் ஒற்றை முடிகூட சவர அலகின் விளிம்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியின் கீழ் காட்டினார்கள்.

அடுத்து, கத்தியைச் சமமான கண்ணாடிமேல் படுக்கவைத்துப் பாருங்கள். ஆடினால் அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. வாய் நடுவில் உள்வாங்கியிருந்தாலும் வேண்டாம். கல் இரு நுனிகளை மட்டுமே தொடும். முதுகிலோ வாலிலோ துரு இருந்தால் கவலையில்லை. வாயோரம் துரு குழி பறித்திருந்தால், தேய்த்துக்கொண்டே போகும்போது விளிம்பு அந்தக் குழியில் போய் நிற்கும். அங்கே கூர் நிற்காது.

ஆப்பு வடிவத்தில் என்ன சிக்கல்? வாயை ஒட்டி உலோகம் அதிகம், கல்லில் தேயும் சரிவு அகலம், நேரமும் அதற்கேற்ப இழுக்கும். இரு பக்கமும் குழிவாகக் கடைந்த அலகில் சரிவு நூல்போல மெல்லியது. கல்லில் சில தடவை போட்டாலே பலன் தெரியும். 5/8 அங்குல அகலம், நேரான வாய், உருண்ட முனை என்று தேடுங்கள். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய கார்பன் எஃகுக் கத்திகளில் இப்படி நிறையக் கிடைக்கும். அந்த ஊர்ப் பெயரை யாரும் இஷ்டத்துக்குப் பொறிக்கக் கூடாது என்று அங்கே 1938லேயே சட்டம் வந்தது.

தீட்டும் வேலையின் உயிர் 1000 கிரிட் கல்லில் இருக்கிறது (கிரிட் என்பது கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்; எண் ஏற ஏறக் கல் நயமாகும்). இரு பக்கச் சரிவுகளும் விளிம்பு நெடுக ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். 4000, 8000 கற்கள் அதற்குமேல் மெருகு ஏற்றுபவை. தோல்வாரில், அதாவது தோல் பட்டையில், இழுப்பது கடைசித் தடவல். சந்திக்காத வாயை அவை எதுவும் காப்பாற்றாது.

சந்தித்ததா என்று அறிய மார்க்கர் பேனா போதும். சரிவில் மை பூசி, கல்லில் ஒரே ஒரு தடவை இழுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்புவரை மை போயிருந்தால் கல் அங்கே தொடுகிறது. நுனியில் மட்டும் மிஞ்சினால் கை அங்கே தூக்குகிறது என்று பொருள். அழுத்தாமல், மை பூசி மறுபடி இழுங்கள்.