பிள்ளை பெற்ற பின் வரும் மூன்று வாரங்கள்

பரம்பரையாக ரத்த உறைதல் குறைபாடு உள்ள பெண்களில் பலருக்கு எட்டு, ஒன்பதாம் மாதத்தில் எடுக்கும் பரிசோதனை முடிவு நன்றாகவே வரும். "அளவு கூடிடுச்சே டாக்டர், இனி பயமில்லைதானே?" என்று குடும்பமே நிம்மதியாகிவிடும். ஒரு மகப்பேறு மருத்துவராக எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதிதான்.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஃபேக்டர் என்போம். கர்ப்ப காலத்தில் ஃபேக்டர் 8, வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் இரண்டும் இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு உயரும். அதனால் லேசான குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரசவம் பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடந்துவிடும். ஆனால் நஞ்சு விழுந்த பிறகு இந்த அளவு இறங்கத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிடும். கருப்பைக்குள் இருக்கும் புண் அதற்குள் முழுசாக ஆறியிருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு உதிரப்போக்கு கூடுவது இதனால்தான்.

பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள் தூக்கி வரப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். உதடு வெளுத்து, எழுந்து உட்கார முடியாத நிலை. "அழுக்கு ரத்தம்தானே, போகட்டும்னு விட்டுட்டோம்" என்றார் அவருடைய அம்மா. விசாரித்தால், வயசுக்கு வந்ததிலிருந்தே மாதவிலக்கு பத்து நாள் நிற்காதாம். பல் பிடுங்கியபோது ராத்திரி முழுக்க ரத்தம் கசிந்ததாம். "எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாருக்குமே அப்படித்தான்" என்பதால் யாரும் அதை நோயாகப் பார்க்கவில்லை. வான் வில்லிபிராண்ட் நோய், அதாவது அந்த ஃபேக்டரில் உள்ள பரம்பரைக் குறைபாடு, இருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் எல்லாருக்கும் இருந்தால் அதுவே சோதிக்க வேண்டிய காரணம்.

அண்ணன் தம்பிக்கோ தாய்மாமனுக்கோ ஹீமோபிலியா (ஃபேக்டர் 8 அல்லது 9 குறைந்து ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) இருந்தால் அந்தப் பெண் அதன் மரபணுவைச் சுமக்கும் கேரியராக இருக்கலாம். கேரியர் என்றால் கடத்துபவர் மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. அவருக்கே ஃபேக்டர் குறைவாக இருக்கலாம். அதிலும் ஃபேக்டர் 9 குறையும் வகையான ஹீமோபிலியா பி என்றால், ஃபேக்டர் 9 கர்ப்பத்தில் பெரிதாக உயராது. ஏழாம் மாதத்துக்கு மேல் கட்டாயம் அளவு பார்க்க வேண்டும். இயல்பில் 50 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் பிரசவத்துக்கும், முதுகில் போடும் மயக்க ஊசிக்கும் முன்னேற்பாடு தேவை.

கேரியர் தாய்க்குப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு ஹீமோபிலியா வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்காக எல்லாருக்கும் சிசேரியன் தேவையில்லை. ஆனால் வாக்யூம், ஆயுதம் போட்டு இழுப்பதைத் தவிர்க்க வேண்டும். மூளைக்குள் ரத்தக்கசிவு ஆகலாம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்குத் தொடையில் ஊசி வேண்டாம். வைட்டமின் கே-யை வாய்வழியாகக் கொடுக்கலாம். தாய்க்கும் அதேபோல்: வலிக்கு டைக்லோஃபெனாக் ஊசி வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

நம் ஊரில் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்வதால் அரிய வகைகளையும் பார்க்கிறோம். ஃபேக்டர் 13 குறைபாட்டில் கரு திரும்பத் திரும்பக் கலையும். வழக்கமான உறைதல் பரிசோதனைகளோ நார்மல் என்றே காட்டும். அடுத்தடுத்து கரு கலைந்து, அந்தப் பெண் பிறந்தபோது தொப்புளிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்த கதையும் இருந்தால் ஃபேக்டர் 13-ஐத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஃபேக்டர் ஏற்றினால் அந்தப் பெண்ணும் நிறைமாதம் வரை போக முடியும்.

அப்புறம் நமக்கே உரிய ஒரு சிக்கல்: வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவார். ஐந்து மாதம் பார்த்த டாக்டர் ஓர் ஊரில், பிரசவம் வேறு ஊரில். நோயின் பெயர், கடைசியாக எடுத்த அளவு, எந்த மருந்து, எத்தனை நாள் எல்லாவற்றையும் ரத்தநோய் மருத்துவரிடம் ஒரே தாளில் எழுதி வாங்கி, தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வையுங்கள். பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் ஃபேக்டர் மருந்து இருப்பு உண்டா என்று எட்டாம் மாதமே கேளுங்கள். இல்லையென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாறிக்கொள்வதே நல்லது.

வீட்டுக்குப் போகும்போது பெரும்பாலும் ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை கொடுத்தனுப்புவோம். ரத்தம் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். குறைந்த உதிரம் மறுபடி கூடினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் பேடு முழுசாக நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.