டிஜிட்டலுக்கு மாற புது டிவி தேவையா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு விளக்கம்

"எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு, பழைய டிவி இனி ஓடாது" என்று யாராவது சொன்னால், உடனே கடைக்குக் கிளம்ப வேண்டாம். டிவியை மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. மாறியது வீட்டுக்கு வரும் சிக்னல் மட்டும்தான். அந்தச் சிக்னலைப் படமாக்கித் தருவது செட்டாப் பாக்ஸ்.

கேபிள் டிவி சட்டம் 2011ல் திருத்தப்பட்டு, நாடு நான்கு கட்டமாக டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டது. சென்னை முதல் கட்டம், கோவை இரண்டாம் கட்டம், நம் பக்கத்து நகராட்சிகள் மூன்றாம் கட்டம், கிராமங்கள் நான்காம் கட்டம். கடைசிக் கெடு 2017 மார்ச் 31. மாடியில் ஆன்டெனா கட்டி தூர்தர்ஷன் பார்த்த காலமும் முடிந்தது. பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு, சில இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்தப்பட்டுவிட்டது.

2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. துளைகள் இருந்தால் போதும். சாதாரண செட்டாப் பாக்ஸை அதில் சொருகிவிடலாம். படம் நசுங்கியோ நீண்டோ தெரிந்தால் பாக்ஸின் மெனுவில் திரை அளவை 4:3 என்று வையுங்கள், சரியாகிவிடும். நன்றாக ஓடுகிற டிவியைப் பயத்தில் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. பாக்ஸ் உங்கள் வீட்டில் இருந்தாலும் அது நிறுவனத்தின் சொத்து. வீடு மாறும்போதோ இணைப்பை விடும்போதோ ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப் பக்கங்களில் கேபிள் எட்டாத வீடுகளுக்குப் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு முறை வாங்கினால் முடிந்தது. அது வருவது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், நல்ல உயரத்தில், ஏறக்குறைய 67 டிகிரி சாய்வில் இருக்கிறது. அதனால் தூரத்துக் குன்று மறைக்காது. டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே தென்கிழக்கில் நிற்கும் உயரமான மாமரமோ தென்னையோதான் மறைக்கும். டிஷ் வைக்க வருபவரிடம் முதலிலேயே அந்தப் பக்கம் திறந்திருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும்: பெரிய தனியார் தமிழ்ச் சேனல்களின் சீரியலும் புதுப்படமும் வேண்டுமென்றால் ஃப்ரீ டிஷ் போதாது. ஆனால் டிடி தமிழ் வரும், கன்னடத்துக்கு டிடி சந்தனா, தெலுங்குக்கு டிடி யாதகிரி, சப்தகிரி வரும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்று மொழியும் பேசும் வீடுகள் ஏராளம். அவர்களுக்கு இது பெரிய வசதி. கேபிளோ கட்டண டிடிஎச்சோ வைத்திருப்பவர்களுக்கும் ஓர் உரிமை உண்டு. 2019 முதல் நடப்பில் உள்ள டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கன்னடச் சேனலுக்காக முழு கன்னடப் பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்று ஆபரேட்டர் சொன்னால், அதை ஏற்க வேண்டியதில்லை.

சரி, டிவி உண்மையிலேயே பழுதாகிவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்றால்? முதல் கேள்வி டிவியைப் பற்றியதல்ல, "என் வீட்டுக்கு என்ன சிக்னல் வருகிறது" என்பதுதான். சாதாரண எஸ்டி சேனலின் படத்தில் 576 வரிகள்தான் இருக்கின்றன. அதை 3840 x 2160 புள்ளிகள் கொண்ட 55 அங்குல 4கே திரையில் போட்டால் முகமெல்லாம் மங்கி, கலைந்து தெரியும். கடையில் ஓடும் காட்சி பென்டிரைவில் இருக்கும் 4கே படம். வீட்டில் வரப்போவது அது இல்லை. எஸ்டி பாக்ஸ் மட்டும் இருக்கும் சின்ன ஹாலுக்கு 32 அங்குலமே தாராளம். நல்ல பிராட்பேண்ட் இருந்து, எச்டி பாக்ஸும் இருந்தால் 43 அங்குலம் பற்றி யோசிக்கலாம். உங்கள் பாக்ஸைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிக் காட்டச் சொல்லலாம், இதில் கூச்சமே வேண்டாம்.

"உள்ளேயே டிஜிட்டல் ட்யூனர் இருக்கு, பாக்ஸ் வேண்டாம்" என்று கடையில் சொல்வார்கள். ட்யூனர் என்பது டிவிக்குள் இருக்கும், சிக்னலைப் பிடிக்கும் பகுதி. கேபிள் வீட்டுக்கு இது பொருந்தாது. சட்டப்படி கேபிள் சிக்னல் பூட்டியே அனுப்பப்படுகிறது. அதைத் திறக்க ஆபரேட்டரின் பாக்ஸ் வேண்டும். கட்டண டிடிஎச்சும் அப்படியே. டிவிபி-எஸ்2 என்கிற செயற்கைக்கோள் ட்யூனர் இருந்தால் ஃப்ரீ டிஷ்ஷின் பூட்டில்லாத சேனல்களை நேரடியாகப் பார்க்கலாம். இப்படிப்பட்ட டிவிகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 18112:2022 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. ஃப்ரீ டிஷ் பார்ப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. மற்றவர்கள் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். புது டிவிகள் சிலவற்றில் மூன்று வண்ணத் துளைகள் இல்லை, ஒரே சின்னத் துளைதான் இருக்கும். பழைய பாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கான ஒயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

டிவியின் பின்பக்கம் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு எண். அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். எண் இல்லாத மலிவு டிவி வேண்டவே வேண்டாம். மின்சாரம் ஏறி இறங்கும் ஊர் என்றால், அந்த டிவி எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதையும் கேளுங்கள்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஓசூர்க்காரர்கள் பெங்களூரில் வாங்குவதும், எல்லோரும் ஆன்லைனில் வாங்குவதும் சகஜம். பழுதான டிவியை மாற்றித் தர மறுத்தால் கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

அப்புறம், கழித்துப் போடும் பழைய குண்டு டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துச் செம்பை எடுப்பவர்களிடமோ ஏரிக்கரைக் குப்பையிலோ அதைத் தள்ளிவிடாதீர்கள். புது டிவி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.