நிலாவை எடுக்கிற கேமரா முகூர்த்தத்தை எடுக்குமா?

போன ஐப்பசியில் பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்து மெமரி கார்டு ஒன்றை மேசையில் வைத்தார். "கோயில்ல வச்சு சிக்கனமா முடிச்ச கல்யாணம் அண்ணே. மச்சான் சிங்கப்பூர்லேருந்து 83 மடங்கு ஜூம் இழுக்கிற கேமரா கொண்டாந்திருந்தாரு, அதுலயே எடுத்துட்டோம். கொஞ்சம் இருட்டா இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டு சரி பண்ணிக் கொடுங்க, ஆல்பம் போட்டுக்கலாம்" என்றார்.

முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில். கோயில் மண்டபத்தில் இரண்டு டியூப் லைட், நடுவில் ஓமப் புகை. தாலி கட்டும் படத்தைத் திரையில் முழு அளவில் திறந்தேன். பெண்ணின் இமை எது, மை எது என்று பிரிக்க முடியவில்லை. தூறலில் நனைந்த கோலம் மாதிரி முகம் கரைந்திருந்தது. கூறைச் சேலையின் ஜரிகை ஒரே மஞ்சள் பட்டையாகத் தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளிகள்தான் கூடின. "இதுல பதிவாகாததை நான் கொண்டுவர முடியாதுங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நம்பவில்லை. "நிலாவுல இருக்கிற பள்ளமெல்லாம் இதுல தெரியுதே அண்ணே, அஞ்சடி தூரத்துல உக்காந்திருக்கிற பொண்ணு முகம் எப்படித் தெரியாம போகும்?"

நியாயமான கேள்வி. இருபத்தைந்து வருடமாகக் கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாண வீடுகளில் கேமரா பிடிக்கிறேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல், சூப்பர்ஜூமா டிஎஸ்எல்ஆரா என்று புரியாமல் பணத்தைப் போட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். லென்ஸும் உடம்பும் ஒன்றாக, தூரத்தை இழுத்துக் காட்டுவது சூப்பர்ஜூம். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா டிஎஸ்எல்ஆர்.

நிலா நமக்கு இருட்டில் தெரிகிறது, ஆனால் அது இருட்டில் இல்லை. நட்டநடு வெயிலில் கிடக்கிற பாறை அது. சூரிய ஒளி நேராக விழுகிற பௌர்ணமி நிலாவை ஐஎஸ்ஓ 100 என்கிற குறைந்த ஒளியுணர்வில் வைத்து, ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். அந்தக் கேமராவில் எடுத்த நிலாப் படத்தில் தெரிவது ஜூமின் எட்டம் மட்டும்தான். விடியற்காலை மண்டபத்தில் இருப்பது அந்த வெளிச்சத்தில் சில நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கே எட்டம் தேவையே இல்லை, மணமக்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அங்கே தேவைப்படுவது வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ள இடம்.

அந்த இடத்துக்குப் பெயர் சென்சார். நிக்கான் பி900, கேனான் எஸ்எக்ஸ்70 போன்ற சூப்பர்ஜூம் கேமராக்களில் அது சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். நிக்கான் டி750, கேனான் 5டி மார்க் 3 போன்ற ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் 36க்கு 24, அதாவது 864 சதுர மில்லிமீட்டர். முப்பது மடங்கு. நம் ஊர்க் கணக்கில் (இருபது மா ஒரு வேலி) சொன்னால் அது ஒரு மா நிலம், இது ஒன்றரை வேலி. பெய்கிற மழை ஒன்றுதான், வரப்புக்குள் நிற்கிற தண்ணீர் வேறு. பையன்கள் முதலில் வாங்குகிற சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார் இந்தக் கணக்கில் பன்னிரண்டு, பதின்மூன்று மா வரும். அடைமழை நாளில் ஒரு மாவும் நிரம்பும், ஒன்றரை வேலியும் நிரம்பும். பகல் வெளிச்சத்தில் இரண்டு கேமராவும் நல்ல படம் தருவது அதனால்தான். தூறலில்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பி900 கேமராவில் ஜூம் போடாமல் இருக்கும்போது லென்ஸின் வாய் எஃப் 2.8 திறந்திருக்கும் (இந்த எண் கூடக்கூட வாய் சின்னதாகும்). முழுக்க இழுத்தால் எஃப் 6.5 ஆகச் சுருங்கிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்குப் போய்விடும். கையில் அந்தக் கேமராதான் இருக்கிறது, விசேஷமோ இருட்டான இடத்தில் என்றால், தூர நின்று ஜூம் இழுக்காதீர்கள். ஜூமை முழுக்கச் சுருக்கிக்கொண்டு, நாலு எட்டு வைத்து மணவறைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பாபநாசத்து மச்சானும் ஜூம் இழுக்காமல் எடுத்திருந்தால் பாதிப் படமாவது தேறியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு டிஎஸ்எல்ஆர் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு வடுவூரில் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

வடுவூர் ஏரி மன்னார்குடிக்குப் போகும் வழியில் இருக்கிற பறவைகள் சரணாலயம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கார்த்திகை, மார்கழியில் ஏரி நிறைந்து, அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் கூட்டம் கூட்டமாக இறங்கும். அப்படியொரு காலையில் கல்லூரிப் பையன் ஒருவன் புது டிஎஸ்எல்ஆரோடு கரையில் நின்றான். பெட்டியோடு வந்த 18-55 கிட் லென்ஸ். அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்ததாம். கடைக்காரர் "இது பெரிய கேமரா தம்பி, எல்லாத்துக்கும் தாங்கும்" என்று சொல்லி விற்றிருக்கிறார். அவன் எடுத்த படத்தில் ஏரி இருந்தது, வானம் இருந்தது, பறவைகள் சிந்திய எள் மாதிரி கிடந்தன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து முகம் வாடிப் போனான்.

பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கழுத்தில் பி900. கரையோரப் பனைமரத்தில் முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து அழுத்தினார். திரையைத் தம்பியிடம் காட்டினார். அரிவாள் மூக்கனின் கறுத்த மொட்டைத் தலை, வளைந்த அலகின் நுனியில் தொங்குகிற ஒரு சொட்டுத் தண்ணீர், அந்தச் சொட்டுக்குள் கரை தலைகீழாக. பையன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கு எளிது. லென்ஸின் எட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். கிட் லென்ஸை முழுக்க இழுத்தால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 82 மில்லிமீட்டர். பி900 போவது 2000 மில்லிமீட்டர் வரை. இருபத்து நாலு மடங்கு எட்டம். டிஎஸ்எல்ஆரில் பறவை எடுக்க 150-600 மாதிரி லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். அதன் எடையே இரண்டு கிலோவைத் தொடும், பாடியோடு சேர்த்தால் மூன்று கிலோ பக்கம். பி900 மொத்தமே 900 கிராம்தான். அறுபது வயதுக்காரர் ஏரிக்கரையில் ஒரு மைல் நடந்து திரும்ப இது பெரிய விஷயம். அவருக்கு நான் டிஎஸ்எல்ஆரைச் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

அதே வாத்தியார், மீன்கொத்தி தண்ணீரில் பாய்கிற நொடியை இரண்டு வருடமாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்த பறவைக்குச் சூப்பர்ஜூம் போதும், பறக்கிற பறவைக்குப் போதாது. ஜூம் மோட்டாரில் நகர்கிறது, ஃபோக்கஸ் தேடித் தேடிப் பிடிக்கிறது, நொடிக்கு ஏழு படம் வீதம் ஏழு எடுத்ததும் கார்டில் எழுதி முடிக்கும் வரை காக்க வைக்கிறது. கேனான் 7டி மார்க் 2, நிக்கான் டி500 மாதிரி முன்னேறிய டிஎஸ்எல்ஆர்கள் நொடிக்குப் பத்துப் படம் எடுத்துக்கொண்டே பறவையின் பின்னால் ஃபோக்கஸைக் கொண்டுபோகும். அதற்காகத்தான் அந்த விலை.

கோடியக்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூநாரையை 2000 மில்லிமீட்டரில் எடுக்கப் பகல் பதினோரு மணிக்குப் போய் நின்றால் எந்தக் கேமராவும் உதவாது. உப்பளத்தின் மேல் கானல் எழும்பி, பறவை தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். லென்ஸ் மங்கல் என்று நினைத்து சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. லென்ஸில் ஒன்றும் இல்லை, நடுவில் இருக்கிற ஒரு கிலோமீட்டர் சூடான காற்றுதான் காரணம். காலை எட்டு மணிக்குள் எடுத்துவிட வேண்டும்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் விரல் நீளத்தில் செதுக்கிய சிற்பங்கள் இருக்கின்றன. விமானத்தின் மேல் நிலையில் இருப்பவற்றைக் கீழேயிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் முகம்கூடத் தெரியாது. வெயில் இருக்கும்போது சூப்பர்ஜூம் அவற்றை அப்படியே கண்முன் கொண்டுவந்து வைக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். அதன் கலசத்தையும் தரையில் நின்றே எடுக்கலாம். தொல்லியல் துறைக் கோயில்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால், நடுக்கத்தைத் தானே சமாளிக்கிற இந்தக் கேமரா கல்வெட்டு படிப்பவர்களுக்கும் சிற்பம் ஆராய்பவர்களுக்கும் நல்ல துணை. பக்கத்துப் பொருளுக்கும் அப்படித்தான். வேளாண்மைத் துறையில் இருக்கும் என் நண்பர், நெல் தூரில் புகையான் பூச்சி அடையாக ஒட்டியிருப்பதை ஒரு சென்டிமீட்டர் கிட்டே வைத்து எடுத்துக் காட்டினார். டிஎஸ்எல்ஆரில் அதற்குத் தனி மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டும்.

ஆனால் காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கப் போகிற தம்பிகளுக்கு நான் டிஎஸ்எல்ஆர் தவிர வேறு சொல்ல மாட்டேன். பி900 ஒரு முழு சார்ஜில் 360 படம் போகும், டி750 ஆயிரத்து இருநூறைத் தாண்டும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரைக்கும் இரண்டாயிரம் படம் சாதாரணம். டி750-இல் இரண்டு கார்டு போடலாம், ஒன்று பழுதானாலும் இன்னொன்றில் படம் இருக்கும். தாலி கட்டுவது ஒரே தடவை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலை பி900 தராது. நகையும் வெண்பட்டும் விளக்கில் வெளுத்துப் போனால் பிறகு மீட்க வழி இருக்காது.

இன்னொரு காரணம் ஸ்டுடியோக்காரர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் பெரியவர்கள் தவறிவிட்டால் காரியத்துக்கு மாட்டப் படம் கேட்டு வருவார்கள். தனியாக எடுத்த படம் இருக்காது. பேத்தி கல்யாணத்தில் பின்வரிசையில் நின்ற முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கச் சொல்வார்கள். டிஎஸ்எல்ஆரில் எடுத்த படம் என்றால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்துக்குச் சமாளித்துக் கொடுத்துவிடுவேன். மண்டபத்துக்குள் சூப்பர்ஜூமில் எடுத்ததென்றால் பாட்டியின் முகத்தில் சுருக்கமே இருக்காது. புள்ளிகளை மறைக்கிறேன் என்று கேமராவே அதை வழித்து எடுத்திருக்கும். "இது எங்க அம்மா மாதிரி இல்லையே" என்று சொல்கிறவர்களிடம் என்ன பதில் சொல்வது?

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்பவர்களுக்குச் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 மாதிரி ஒரு அங்குல சென்சார் கேமராக்கள் உண்டு. நாலு மா நிலம், 600 மில்லிமீட்டர் எட்டம், முழுக்க இழுத்தாலும் எஃப் 4. நல்ல கருவிதான், விலையும் நல்ல விலை.

வாங்கிய பிறகு நம் டெல்டாவில் எல்லாக் கேமராவுக்கும் ஒரே எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் பீரோவைத் திறந்தால் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பதுதான் பெரிய தவறு, பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அரிசிப் பானைக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தவிடும் மாவுத்தூளும் லென்ஸ் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், முடிந்தால் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். டிஎஸ்எல்ஆரில் பூஞ்சை வந்தால் லென்ஸை மட்டும் கழற்றிச் சுத்தத்துக்குக் கொடுக்கலாம். சூப்பர்ஜூமில் லென்ஸும் உடம்பும் ஒன்று, முழுக்கப் பிரித்தாக வேண்டும். ஜூம் நீண்டு சுருங்கும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் என்பதால், கடற்கரையில் மணல் பறக்கிற நேரத்தில் அதை நீட்டாமல் இருப்பதே நல்லது.

2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவரவில்லை, இரண்டும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டன. அதனால் நல்ல பாடிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. தொழிலுக்கு வருகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, எவ்வளவு என்று கேளுங்கள். டி750, 5டி மார்க் 3 இரண்டுக்கும் கம்பெனி சொல்கிற ஆயுள் ஒன்றரை லட்சம் படம். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள், பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரிந்துவிடும்.

புதிதோ பழையதோ, கடையில் வெளிச்சத்தில் நின்று எடுத்துப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். நாற்பது டியூப் லைட்டுக்குக் கீழே எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். உங்கள் கார்டைப் போட்டு மாடிப்படிக்குக் கீழேயோ குடோனிலோ ஒரு முகத்தை எடுங்கள். வாசலுக்கு வந்து தெருக்கோடியில் இருக்கிற பெயர்ப்பலகையை எடுங்கள். கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் பாருங்கள்.

போன வாரம் ஒரு தகப்பனும் மகனும் அப்படி எடுத்த கார்டோடு வந்தார்கள். மாடிப்படிக்கடியில் மகன் எடுத்த அப்பாவின் முகம், இரண்டு கேமராவில் இரண்டு படம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் அவர் நெற்றியில் விபூதி இருப்பதே தெரியவில்லை, மற்றதில் மூன்று விரல் கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. பையன் நாதஸ்வரக் கச்சேரி எடுக்க ஆசைப்படுகிறான், கச்சேரியெல்லாம் ராத்திரி கோயிலில்தான். அப்பா என்னை எதுவும் கேட்கவில்லை. படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "டி750 பழசு யாராவது கொடுத்தா சொல்லுங்க தம்பி" என்று சொல்லிக் கிளம்பினார்.