எர்ஹு தோலில் தண்ணீர் தடவாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. எர்ஹு என்பது மலைப்பாம்புத் தோல் போர்த்திய, வில்லால் வாசிக்கும் இரண்டு தந்திச் சீன வாத்தியம். சிங்கப்பூரில் என் பட்டறைக்கு நேற்று வந்த எர்ஹுவை உறையிலிருந்து எடுத்ததுமே தெரிந்துவிட்டது. தோல் நடுவில் கிண்ணம் போலக் குழிந்து, ஓரத்தில் செதில்கள் சுருண்டு எழும்பியிருந்தன. பள்ளியின் சீன இசைக்குழுவில் வாசிக்கும் தமிழ்ப் பையனுடைய வாத்தியம். "தாத்தா கஞ்சிராவுக்குத் தண்ணி தடவுவாரு, அதான் இதுக்கும்..." என்றார் அவன் அம்மா.

கஞ்சிராவுக்குச் சரி. ஈரம் பட்டால் உடும்புத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வித்வானுக்கு வேண்டியதே அதுதான். காய்ந்தால் மறுபடி இறுகும், மறுபடி தடவுவார். எர்ஹுவின் மலைப்பாம்புத் தோலை யாரும் கையால் தட்டுவதில்லை. அதன்மேல் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை, நிற்கிறது. வீணைக்காரர்கள் சொல்லும் அதே குதிரை. சீனத்திலும் அதற்குப் பெயர் 'மா', குதிரைதான். இரண்டு எஃகுத் தந்திகள் ராப்பகலாக அந்தக் குதிரையைத் தோலில் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. ஈரத்தில் இளகிய தோல் அந்த அழுத்தத்தில் உள்ளே போய்விடும். காய்ந்த பிறகும் குழி நிரவாது. அப்புறம் எப்படி வாசித்தாலும் மூக்கடைத்த குரல்தான்.

எண்ணெயும் வேண்டாம். "வறண்டு தெரிந்தது, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் தோல் எங்கே வறள்கிறது? எண்ணெய் குடித்த தோல் கனத்துத் துடிப்பு அடங்கிவிடும். ஓரம்வரை ஊறினால் பசையும் விடும். ஊறிய எண்ணெயை வெளியே எடுக்க என்னிடம் வழி கிடையாது.

வாசித்து முடித்ததும் தோலின் மேல் விளிம்பில், தந்திகளுக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகி வையுங்கள். குதிரையின் பாரம் குறையும். வில்லின் முடியில் தேய்க்கும் ரோசின் என்ற பிசினின் தூள் தோலில் விழுந்திருந்தால், அதை உலர்ந்த மென்துணியால் அன்றைக்கே துடையுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் ஆகாது. வெயிலில் நிற்கும் காரில் தயவுசெய்து விட்டுப் போகாதீர்கள்.

விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒன்று. எர்ஹுவுக்குத் தோல் தரும் மலைப்பாம்பு, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். சொந்த வாத்தியத்தைக் கொண்டுபோக ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. வாங்கும்போது தரும் சான்றிதழைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு, பயணத்துக்கு முதல் நாள் என்னிடம் வந்து கேட்டால் நான் என்ன செய்வேன்? அடிக்கடி பயணம் போகிறவர்கள் செயற்கைச் சவ்வு போட்ட எர்ஹுவைப் பாருங்கள். ஹாங்காங் சீன இசைக்குழு பல ஆண்டுகளாகப் பாலியெஸ்டர் சவ்வு போட்ட வாத்தியங்களை மேடையில் வாசிக்கிறது. ஈரமும் வெப்பமும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பாம்புத் தோல் இல்லாவிட்டால் எர்ஹுவே இல்லை என்று சொல்பவர்கள் ஒருமுறை நேரில் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அந்தப் பையனுடையதற்குப் புதுத் தோல்தான் போட வேண்டும். பழைய குரல் அப்படியே திரும்பாது, புதுத் தோல் பழகி வரவே மாதக்கணக்கில் ஆகும் என்று அவனிடமே சொன்னேன். எர்ஹுவில் வில்லின் முடி இரண்டு தந்திகளுக்கும் நடுவே கோத்துக் கிடக்கும். தந்தியைக் கழற்றினால்தான் வில் தனியாக வரும். கழற்றி வைத்த வில்லை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டான். கொடுத்தனுப்பினேன்.