பெண்களின் மஸ்அலாவுக்கு (மார்க்கச் சட்டக் கேள்விக்கு) பெண்ணே பதில் சொல்லும் நிலை வேண்டும்

கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை என்று திருகோணமலை மாவட்டத்தின் எந்த முஸ்லிம் ஊரிலும் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பெண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. மௌலவியாப் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணுக்கு ஹைழ் (மாதவிடாய்) பத்தாம் நாளும் நிற்கவில்லை என்றால் அவள் யாரிடம் போகிறாள்? கணவரிடம் சொல்கிறாள். அவர் இஷா (இரவுத் தொழுகை) முடிந்து மௌலவியிடம் கேட்கிறார். பதில் வீடு வருகிறது. கேள்வி பாதி வழியிலேயே உருக்குலைந்து போனது யாருக்கும் தெரிவதில்லை.

“மனைவிக்குப் பத்து நாளாக நிற்கவில்லை” என்பது கேள்வியே இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது? இடையில் நின்றதா? நிறம் மாறியதா? போன மாதம் எத்தனை நாள்? சமீபத்தில் பிள்ளை பெற்றவளா, மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டவளா, கருத்தடை லூப் வைத்தவளா? இவை தெரியாமல் எந்த ஆலிமும் (மார்க்க அறிஞரும்) சரியான பதில் சொல்ல முடியாது. கணவரால் இவற்றில் பாதிக்கு மேல் சொல்லவும் முடியாது. ஆகவே நேரே கேட்டு, நேரே பதில் சொல்லும் ஆலிமா (பெண் மார்க்க அறிஞர்) ஊருக்கு ஒருவராவது இருப்பது அத்தியாவசியம்.

நம் பகுதியில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). ஹைழின் குறைந்த அளவு ஓர் இரவும் பகலும், அதாவது 24 மணி நேரம். வழமையாக 6 அல்லது 7 நாள். கூடியது 15 நாள். இரண்டு ஹைழுக்கு நடுவே சுத்தமாக இருக்கும் காலம் குறைந்தது 15 நாள். நிபாஸ் (பிள்ளைப்பேற்று இரத்தம்) வழமையாக 40, கூடியது 60 நாள். ஸபீனதுன் நஜாஹ் என்ற சிறு கிதாபு இதைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. இன்று கைபேசியில் கேட்கும் தமிழக பயான்கள் (மார்க்க உரைகள்) பல ஹனஃபி மத்ஹபைத் தழுவியவை. அங்கே ஹைழின் குறைந்த அளவு 3 நாள், கூடியது 10 நாள், நிபாஸின் உச்சம் 40 நாள். இரண்டும் தத்தம் இடத்தில் சரி. ஒன்றின் தொடக்கத்தையும் மற்றதன் முடிவையும் சேர்த்துக்கொள்ளும்போதுதான் தொழுகை கெடுகிறது.

வகுப்புகளில் திரும்பத் திரும்பக் காணும் தவறு, வழமையைச் சட்டமாக எடுத்துக்கொள்வது. ஐந்தாம் நாளே சுத்தமானவள் ஏழு நிறையட்டும் என்று தொழாமல் இருக்கிறாள். எட்டாம் நாளும் பட்டுக்கொண்டிருப்பவளோ ஏழாம் நாளே குளித்துவிட்டு நோன்பு பிடிக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நாற்பது என்பது இன்னும் ஆழமாக வேரோடியிருக்கிறது. இருபத்தைந்தாம் நாள் இரத்தம் முற்றாக நின்றவளுக்கு அன்றே குளிப்பும் தொழுகையும் கடமை. வீட்டில் மூத்தவர்கள் நாற்பது முழுக்காட்டுக்குக் காத்திருக்கச் சொன்னால், அது ஊர் வழக்கம், மார்க்கத்தின் கட்டளை இல்லை என்று மரியாதையாகச் சொல்லத் தெரிந்த ஒரு பெண் அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

இதைவிடவும் கவனத்துக்கு வராதது எல்லை நேரத் தொழுகை. ஹைழ் காலத்துத் தொழுகைக்குக் கழா (விட்டதைப் பிறகு நிறைவேற்றுவது) இல்லை, நோன்புக்கு உண்டு. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம் முடிவதற்குள், ஒரு தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்லும் அளவு நேரம் மீதியிருக்கும்போது சுத்தமானாலும் அஸர் கடமையாகிறது. அதனோடு சேர்த்து ழுஹரும் (நண்பகல் தொழுகையும்) கடமையாகிறது. இஷாவின் கடைசியில் சுத்தமானால் மஃரிபும் (அந்தித் தொழுகையும்) அப்படியே. மறுபக்கம், ழுஹர் நேரம் வந்து, சுருக்கமாகத் தொழுது முடிக்கும் அளவு நேரம் கடந்தபின் ஹைழ் தொடங்கினால், அந்த ழுஹர் அவள்மேல் கடன். சுத்தமானபின் கழாச் செய்ய வேண்டும். மாதாமாதம் விட்டுப்போகும் இந்தத் தொழுகைகள் வருடக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

அதனால்தான் கையில் ஒரு குறிப்புக் கொப்பி வேண்டும். திகதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். திங்கள் காலை 10 மணிக்குத் தொடங்கினால் 15 நாள் முடிவது அதற்கடுத்த வாரம் விட்டு வரும் செவ்வாய் காலை 10 மணிக்கு. தொடங்கிய நேரம், நிறம், நின்ற நேரம், குளித்த நேரம், அந்நேரம் எந்த வக்து (தொழுகை நேரம்) என்று ஐந்து விடயம் எழுதினால் போதும். கபிலமும் மஞ்சளும் அந்த 15 நாளுக்குள் வந்தால் ஹைழ்தான். சுத்தமா என்று சந்தேகமானால் பஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு கறையின்றி வர வேண்டும், அல்லது வெள்ளை நீர் காண வேண்டும். அக்காலப் பெண்கள் பஞ்சைச் சிறு பேழையில் வைத்து நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகியிடம் அனுப்பினார்கள். வெள்ளையைக் காணும்வரை அவசரப்படாதீர்கள் என்று அவர் பதில் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்கள் வெட்கப்படவில்லை. ஆயிஷா நாயகியும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வதைத் தன் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை. ஆசிரியை என்பவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரத்தம் 15 நாளைத் தாண்டினால் இஸ்திஹாழா, அதாவது ஹைழ் அல்லாத தொடர் இரத்தப்போக்கு. அப்போது எது ஹைழ் என்று முதலில் நிறத்தால் பிரிப்பார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு. பிரிக்க முடியாவிட்டால் முந்திய மாத வழக்கத்தைப் பார்ப்பார்கள். கொப்பி இல்லாதவள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். மிஞ்சிய நாட்களில் விட்ட தொழுகையைக் கழாச் செய்ய வேண்டும். தொழும் முறையையும் செய்து காட்டியே கற்பிக்க வேண்டும். வக்து வந்தபின் கழுவி, புதுத் துணி அல்லது பேட் வைத்து, தொழுகையை ஆகுமாக்கிக்கொள்ளும் நிய்யத்தோடு (எண்ணத்தோடு) வுழூ (அங்கசுத்தி) செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஒரு வுழூவுக்கு ஒரு பர்ழு (கடமையான தொழுகை). உடுப்பு மாற்றும் நேரம் பரவாயில்லை. சோறு வடித்துவிட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மஸ்அலாச் சொல்பவர் வைத்தியத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்து அப்படியே தொடர்ந்தால், கர்ப்பத்தில் இரத்தம் கண்டால், மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மீண்டும் கண்டால், பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சலோடு துர்நாற்றம் இருந்தால், அவளை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தொழுகைக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். ஊசி போட்ட முதல் மாதங்களில் சிறிது சிறிதாகப் படுவது சாதாரணம். அதைப் பற்றி மருத்துவமாதுவிடம் பேசிவைத்திருக்கும் ஆலிமா, பாதிக் குழப்பத்தை அங்கேயே தீர்த்துவிடுவார்.

வகுப்புக்கு ஏற்ற நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, காலை 9 முதல் 10.30 வரை. அஸருக்குப் பின் வைத்தால் சமையலும் பிள்ளைகளும் இழுப்பார்கள். பதினைந்து பேருக்கு மேல் சேர்த்தால் யாரும் வாய் திறப்பதில்லை. குமர்ப் பிள்ளைகளையும் மாமிமாரையும் ஒரே பாயில் இருத்தினாலும் அப்படித்தான். கேள்வியைப் பெயரில்லாமல் துண்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள், கொட்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தப் பாடம் பயணத்துக்கு முன்பே கிடைக்க வேண்டும். அங்கே அவர்கள் கேட்க ஆளில்லாமல் தனித்திருப்பார்கள்.

பட்டம் பெற்று வரும் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் தெரியும், கிதாபு வாசிக்கத் தெரியும். உண்மையான ஒரு பெண்ணின் கொப்பியை விரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பழக்கம் இருக்காது. அனுபவமுள்ள ஆலிமாவின் பக்கத்தில் இருந்து சில மாதம் இதைச் செய்த பிறகே தனியாகப் பதில் சொல்ல விட வேண்டும். அதற்குப் பள்ளிவாசல் நிர்வாகம் சம்பளம் கொடுக்க வேண்டும். இமாமுக்குக் கொடுப்பதைப் போல, ஒழுங்காக, மாதம் தவறாமல்.

தீராத கேள்வியை அந்த ஆலிமாவே எழுத்தில் முப்தியிடம் (மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அறிஞரிடம்) அனுப்பட்டும், நேரம், நிறம், முன்வழக்கம் எல்லாவற்றோடும், தன் கருத்தையும் சேர்த்து. ஹனஃபி சட்ட அறிஞர் பாத்திமா அஸ்ஸமர்கந்தியின் வீட்டிலிருந்து வெளியான பத்வாக்களில் (மார்க்கத் தீர்ப்புகளில்) அவருடைய கையெழுத்து, தந்தையினதும் பிறகு கணவர் காஸானியினதும் கையெழுத்துகளோடு சேர்ந்தே இருந்தது. மக்காவில் ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பை அறிவித்த கரீமா அல்மர்வஸிய்யாவிடம் கதீபுல் பக்தாதி போன்ற ஹதீஸ் அறிஞர் வந்து ஓதினார். கரீமா தாம் அறிவித்ததை மூலப் பிரதியோடு ஒப்பிடாமல் விட்டதில்லை. கிண்ணியாவின் ஓர் ஆலிமா எழுதி அனுப்பும் கேள்விக் கடிதத்திலும் அந்தக் கவனம் இருக்க வேண்டும். முப்தியின் பதில் வந்ததும் அதன் பிரதியை ஒரு கோப்பில் போட்டு வைத்தால், அடுத்த வருடம் அதே நிலையோடு வரும் பெண் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிராது.