அனாமத்தில் நிற்கும் நன்கொடை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தேர்தல் முடிந்த கோடையில், நான் தணிக்கை செய்து வந்த ஒரு வணிகர் சங்கத்தின் பொருளாளர் ஆண்டுக் கணக்குகளுடன் காரைக்குடியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். சந்தா, கட்டட வாடகை, மகமை வரவு, செயற்குழுக் கூட்டத்துக்கு வாங்கிய காபி, பஜ்ஜி வரை ஒவ்வொன்றுக்கும் ரசீது ஒட்டியிருந்த அந்தக் கோப்பில், மார்ச் மாதப் பக்கத்தில் மட்டும் ‘பொதுக்காரியம் வகைக்கு ரூ. 2,50,000’ என்று ஒரு பற்று தனியாக நின்றது. ரசீதும் இல்லை, தீர்மான எண்ணும் இல்லை. யாருக்குக் கொடுத்தது என்று கேட்டேன். “அதை அனாமத்துல போட்டுருங்க தம்பி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார்.

எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெளிவாகாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் இடமே அனாமத்து. நம் நாட்டில் நலக்குழுக்கள், அதாவது தங்கள் தொழில் நலனுக்காகக் கூடும் சங்கங்கள், தேர்தலுக்கும் அரசின் கொள்கைகளுக்கும் இடையில் செலுத்தும் செல்வாக்கில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது என்பது, கால் நூற்றாண்டுத் தொழில் அனுபவத்தில் எனக்குப் பட்டது.

ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி அரசிடம் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. செட்டிநாட்டுக்கு அது புதிதும் இல்லை. ஐந்தொகை (ஆண்டு இருப்புநிலைக் கணக்கு) எடுக்காமல் ஆண்டை முடிக்காத, கோயிலுக்குரிய புள்ளிவரியையும் மூட்டைக்கு இவ்வளவு என்று அறத்துக்கு ஒதுக்கிய மகமையையும் காசு பிசகாமல் எழுதிய ஊர் இது. ஆங்கிலேயர் காலத்துச் சென்னைச் சட்டமன்றத்தில் வணிகச் சபைகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் இருந்ததைப் போலவே, நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் தனியாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பிறகு அத்தகைய ஏற்பாட்டை நியாயப்படுத்த முடியாது. அது ஒழிந்ததே சரி. ஆனாலும், எழுந்து பேசுகிறவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது அன்று அவைக்குறிப்பிலேயே இருந்தது. இடம் ஒழிந்ததே தவிர நலன்கள் ஒழியவில்லை. அவை மன்றத்துக்குள்ளிருந்து தாழ்வாரத்துக்கு நகர்ந்துவிட்டன.

மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்ததும் ஒரு தனிமனிதச் செல்வாக்கின் விளைவுதான். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்ததால், 1948 ஜூலை 25-இல் நேரு இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். ஓர் அரசு நிறுவனம் எந்த ஊரில் அமைய வேண்டும் என்ற முடிவைப் பணம் திருப்பியது என்றும் இதைச் சொல்லலாம். ஆனால் கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற மூன்றும் எழுத்தில் இருப்பதால், அது சரியா என்று இன்றும் நம்மால் விவாதிக்க முடிகிறது.

செல்வாக்கு வேலை செய்யும் விதத்தை அண்மைக்காலத்தில் தெளிவாகக் காட்டியது ஜி.எஸ்.டி. விவகாரம். 2021 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், ஜவுளிக்கும் 1,000 ரூபாய்க்கு உட்பட்ட காலணிக்கும் வரியை 5 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்த்த ஒரே மூச்சில் முடிவெடுத்தது. இரண்டும் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வர வேண்டியவை. அந்த மூன்று மாதங்களில் கண்டாங்கிச் சேலை விற்கும் கடைக்காரர் முதல் பெரிய ஆலைக்காரர் வரை, மனு எழுதித் தரச் சொல்லி என்னைப் போன்றவர்களின் அலுவலகங்களுக்கு வந்தார்கள். நாடெங்கும் ஜவுளிச் சங்கங்கள் நிதியமைச்சர்களிடம் படையெடுத்தன, சில மாநில அரசுகளே அவற்றுக்காகப் பேசின. டிசம்பர் 31 அன்று மன்றம் அவசரமாகக் கூடி ஜவுளி உயர்வை நிறுத்தி வைத்தது. மறுநாள் காலை செருப்புக்கு மட்டும் 12 விழுக்காடு வந்துவிட்டது.

செருப்புக் கடைக்காரர்களும் மனுக் கொடுத்தவர்கள்தாம். ஊருக்கு ஊர் சங்கமும், கூலிக்கு நெய்பவரின் வாக்கும், அதற்கடுத்த இரண்டு மாதங்களில் ஐந்து மாநிலங்களில் வரவிருந்த தேர்தலும் ஜவுளியின் பக்கம் எடையைக் கூட்டின என்பது என் கணிப்பு. வரிக் கோட்பாடு இரண்டுக்கும் ஒன்றே. கேட்டவர்களின் பலம்தான் வேறு. அப்படிக் கேட்டுப் பெற்றது நிலைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி 22 துணி இரகங்கள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டன. ஆலை, விசைத்தறித் தரப்பு நீதிமன்றம் சென்றது. 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த பின்னரும், பட்டியல் 11 இரகங்களாகச் சுருங்கியது.

இவை ஓரளவு வெளிச்சத்தில் நடந்தவை. வெளிச்சம் வெளிநாட்டிலிருந்து வந்த கதையும் உண்டு. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தபோது நம் மளிகைக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். அந்த டிசம்பரில் நாடாளுமன்றமே அமளிப்பட்டது. காரணம், வால்மார்ட் நிறுவனம் அமெரிக்கச் செனட்டில் தாக்கல் செய்த செல்வாக்குச் செலவு (லாபியிங்) அறிக்கைகளில் இந்திய முதலீட்டு வாய்ப்பும் ஒரு பொருளாக இருந்தது. அந்தச் செலவு அமெரிக்காவில் அந்நாட்டுச் சட்டப்படி செய்யப்பட்டது என்று நிறுவனம் விளக்கியது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்தார். எனக்கு உறுத்தியது வேறு. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான் அந்த விவரம் எழுதப்பட்டது. இங்கே அமைச்சர் அறைக்கு யார் எதற்காகப் போனார் என்று பதிவு செய்ய வைக்கும் சட்டம் எதுவும் இல்லை.

இனித் தேர்தல் கணக்குக்கு வருவோம். வேட்பாளர்களுக்குத் தேர்தல் செலவுப் பதிவேடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாளில் ரொக்கம், மஞ்சள் தாளில் வங்கி என்று மூன்று பகுதிகள் அதில் உண்டு. டீக்கு இவ்வளவு, வடைக்கு இவ்வளவு, பிளாஸ்டிக் நாற்காலி வாடகை இவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியலே வெளியிடுவார். அதன்படி எழுத வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் என்பது உச்சவரம்பு. இத்தனை கெடுபிடியும் வேட்பாளருக்குத்தான். கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு சங்கம் மண்டபத்தை இலவசமாகக் கொடுக்கும், உறுப்பினர்களின் வேன்கள் டீசல் நிரப்பி நிற்கும், துண்டறிக்கை யாரோ ஒருவர் அச்சகத்தில் அடித்து வரும். வடையைத் துல்லியமாக எண்ணும் பதிவேட்டில் இவற்றில் எத்தனை ஏறும் என்பதைப் பதிவேடு எழுதியவர்களே அறிவார்கள்.

வாக்குக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று அதற்காகத் தேர்தல்களே நிறுத்தப்பட்டன. ஆனால் வாக்காளர் கைக்கு வரும் நோட்டு ஆற்றின் கடைமடை. தலைமடையில் தண்ணீர் விட்டவர் யார், எந்தச் சலுகைக்காகக் காத்திருக்கிறார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

அந்தத் தலைமடையைச் சட்டப்படியே மூடி வைத்திருந்தது, வங்கியில் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம். ஒரு கம்பெனி தன் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு 2017-இல் நீக்கப்பட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று லாப நட்டக் கணக்கில் சொல்ல வேண்டிய கடமையும் போயிற்று. நட்டத்தில் ஓடும் கம்பெனிகூட நன்கொடை கொடுக்கலாம் என்றானதை ஒரு தணிக்கையாளனாக என்னால் செரிக்க முடியவில்லை. லாபமே இல்லாதவன் கொடுக்கும் பணம் யாருடையது? 2018 முதல் பாரத ஸ்டேட் வங்கி விற்ற அந்தப் பத்திரங்களை, 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லாது என்று அறிவித்தது. வாங்கியவர் பட்டியலும் பணமாக்கிய கட்சிகளின் பட்டியலும் மார்ச்சில் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வெளியாகி, இரண்டையும் இணைக்கும் எண்கள் பின்னர் வந்தபோது, எந்த ஆண்டில் யார் யாருக்குக் கொடுத்தார் என்று சாதாரண மக்களும் பொருத்திப் பார்க்க முடிந்தது.

இப்போதும் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயரைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கைகள் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கின்றன. உங்கள் தொழிலைப் பாதிக்கும் ஓர் அரசாணை வந்தால், அதற்கு முன் அத்துறைக்கு வந்த கோரிக்கை மனுக்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பாருங்கள். மத்திய அரசின் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. பல வரைவுகள் அதைக் கடந்து போய்விடுகின்றன என்றாலும், வைக்கப்படும்போது எழுதுபவர்கள் பெரும்பாலும் பெரிய சங்கங்கள்தாம், ஏனெனில் ஆங்கில வரைவைப் படித்துப் பதில் எழுத அவர்களிடம் ஆள் இருக்கிறது. சங்கம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது: கோரிக்கையைத் தீர்மானமாக எழுதுங்கள், மனுவின் நகலைக் கோப்பில் வையுங்கள், நன்கொடை கொடுத்தே தீர வேண்டுமென்றால் கட்சியின் பெயரில் காசோலையாகக் கொடுங்கள். ரொக்கத்துக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது.

அந்த இரண்டரை லட்சத்துக்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று என் தணிக்கை அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். ஆண்டுப் பொதுக்குழுவில் ஆத்தங்குடிக் கல் செய்யும் உறுப்பினர் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து கேட்டார். “அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே” என்றார் செயலாளர். “எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா எழுதிர வேண்டியதுதானே அண்ணே” என்றார் அவர். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அடுத்த பொருளுக்குப் போனார்கள். மறு ஆண்டு அந்தச் சங்கம் வேறோர் ஆடிட்டரிடம் போய்விட்டது. நான் கடைசியாகப் பார்த்தபோது தொகை அனாமத்தில்தான் இருந்தது.